வெள்ளம் வந்தால் என்ன செய்வாய்?

ஒரே ஒரு கடற்கரையிலே ஒரே ஒரு பள்ளிக்கூடமாம். அங்கே பிரம்பு எடுக்காத ஒரு வாத்தியாராம். அந்தப் பாவப்பட்டவன் நான்தான். சாக்பீஸ் பொடி தின்று இருமுகிற சகாக்களே, சீமையில் கண்டுபிடித்த புதுக் கல்விமுறையைப் படித்துவிட்டு வகுப்புக்குள் நுழைந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு என் பாடு புரியும்.

சிப்பிக் கணக்கு

பயிற்சிப் பள்ளி முடித்து தேங்காய்ப்பட்டணம் பக்கம் வேலைக்கு வந்த முதல் வாரம், கூட்டல் கழித்தல் சொல்லித்தர நாலாம் வகுப்பைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். பிள்ளைகள் சிப்பி பொறுக்கி எண்ணினார்கள். மீன் பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே ஒரு அம்மா நின்று பார்த்தாள்.

“அடிக்கவும் மாட்டீரு, ஏசவும் மாட்டீரு. நீரு வாத்தியாரா, இல்ல இதுகளுக்குத் தாய்மாமனா?”

அட்டை வாசிப்பு

எழுத்தெழுத்தாகச் சொல்லித்தரக் கூடாது, முழு வாக்கியமாகக் காட்ட வேண்டும் என்பது புது முறை. அட்டைகளில் வாக்கியம் எழுதிக் காட்டினேன். பத்தே நாளில் வகுப்பு முழுக்கத் தண்ணீர்பட்ட பாடாக வாசித்தது. நான் பூரித்துப்போனேன்.

செசிலி என்ற பிள்ளை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பா அந்தோணி வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். அஞ்சாம் வகுப்புக்கு ஏறினால் படிக்கட்டும், இல்லையென்றால் கயிறு திரிக்கப் போகட்டும் என்று தீர்த்துச் சொல்லியிருந்தார். என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

“சாரே, அவனுவ எழுத்தப் பாக்கல்ல. அட்டையில இருக்க மைக்கறையப் பாத்தாக்கும் வாசிக்கானுவ!”

புத்தி அளவை

ஆண்டு முடிவில் பிள்ளைகளின் புத்தியை அளக்க ஒரு கேள்விப் புத்தகம் வந்தது. ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது, விளக்கக் கூடாது, புத்தகத்தில் உள்ள விடைக்கு மட்டுமே மதிப்பெண். ஒரு கேள்வி: “வெள்ளம் வந்தால் என்ன செய்வாய்?” விடை: மேட்டுக்கு ஓடுவேன்.

அந்தக் கடற்கரையில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். நல்ல தண்ணீருக்கு ஒரு மைல் நடக்கிற ஊர் அது. “ஓடிப்போய் குடத்தில கோரி வைப்பேன்” என்றாள் செசிலி. எனக்குப் புரிந்தது. ஆனாலும் விதியை நினைத்து, பூஜ்யம் போட்டேன். அந்த ஒரு கேள்வியில் அவள், அஞ்சாம் வகுப்புக்கு ஏற்றக் கூடாத ‘மந்தம்’ பட்டியலில் விழுந்தாள். வகுப்பில் பாதியும் விழுந்தது. மற்றவர்கள் இன்னொரு வருடம் அதே பெஞ்சில் உட்காரலாம். அவளுக்கு அது கிடையாது. பட்டியலைத் திருத்தச் சொல்லி ஹெட்மாஸ்டரிடம் போனேன்.

“சீல் வச்சு அனுப்பியாச்சு ஓய். உம்ம சாஸ்திரம் சொன்ன பெறகு நானும் நீரும் சொல்ல என்ன கெடக்கு?”

ஒரு சொல்

சாயங்காலம், பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, அந்தோணி மகளோடு வந்தார். செசிலியின் பெயரை வெட்டச் சொன்னார். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பிள்ளை மந்தமில்லை, ஒரு சொல்லால் வந்த பிழை, அடுத்த வருடம் சரியாகிவிடும் என்று கெஞ்சினேன். அவர் சத்தம் போடவில்லை.

“அந்தச் சொல்லு என்னன்னு ஒமக்குத் தெரிஞ்சிருக்கு. பெறகு எதுக்கு சாரே மிண்டாம வாய மூடிட்டு இருந்தீரு?”

செசிலி சிலேட்டைத் துடைத்து என் மேசையில் வைத்தாள். அவர்கள் இருவரும் படியிறங்கிப் போன பிறகு, அந்த வகுப்பில் மந்தம் என்று மிச்சமிருந்தது நான் ஒருவன்தான்.