கையா, வண்டியா

போன உப்பு சீசன் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே வழக்கு. நடுங்குவது என் வீட்டுக்காரர் கையா, அவர் ஓட்டும் ஜீப்பா?

ஆரம்பித்து வைத்தவன் சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகன். லீவுக்கு வந்தவன், அவன் அப்பா டீ டம்ளரைக் கீழே வைக்கும்போது அது மேஜையில் தடதடவென்று அடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டான். மறுநாள் அவரோடு ஜீப்பில் ஈ.சி.ஆர். ரோட்டில் போய்விட்டு வந்தான். வந்தவன் முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, ஸ்டியரிங் கடகடன்னு ஆடுது. வண்டி நேரா போவாம அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அலையுது. அப்பாவால இனிமே முடியாது. வித்துடலாம்" என்றான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நடுங்கறது வண்டிடா. என் கை இல்ல."

அந்த ஜீப்பை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சோறும் குடிதண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். நான் சமைப்பேன், அவர் ஓட்டுவார். ஒரு மழை பெய்தால் போதும், பாத்திகளுக்கு நடுவே போகிற மண் கரையில் மற்ற வண்டியெல்லாம் சேற்றில் உட்கார்ந்துவிடும். நாலு சக்கரமும் இழுக்கிற அந்தப் பழைய ஜீப் மட்டும் உறுமிக்கொண்டே போய்விடும். அதை விற்றுவிட்டால் இந்த மனுஷன் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அப்படி உட்கார்ந்துபோன ஆம்பளைகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. அதனால் கோளாறு வண்டியில்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். புருஷனுக்கு ஆயுசு கேட்டவர்கள் ஊரில் நிறைய உண்டு. ஜீப்புக்கு நோவு கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தால் முன்பக்கம் முழுக்கக் கழற்றி எல்லாவற்றையும் மாற்றியிருப்பார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டா எதுல கோளாறுன்னு தெரியாமலே போயிடும். ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும்" என்றார். மகனுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற வீம்பு என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவர் செய்த முதல் காரியம் நோயை இரண்டாகப் பிரித்தது. ரோட்டில் வேகம் எடுத்தால் ஸ்டியரிங் உதறுகிறதே, அது ஆட்டம். மெதுவாகப் போகும்போதுகூட நேராக நிற்காமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதே, அது அலைச்சல். "ஆட்டம் வேற, அலைச்சல் வேற. ரெண்டுக்கும் ஒரே காரணம்னு நெனைக்கக் கூடாது" என்றார்.

சக்கரத்தின் உள்பக்கம் உப்புச்சேறு காய்ந்து கல்லாக ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் கனம் கூடினால் சுற்றும்போது சக்கரம் துள்ளுமாம். கேட்காமல் கொள்ளாமல் என் தோசைத்திருப்பியை எடுத்துப்போய் அத்தனையும் சுரண்டினார். வந்த கோபத்துக்கு அளவில்லை. பெருமுக்கல் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவரை வாசலிலேயே மறித்து, போயிடுச்சா என்று கேட்டேன். "கொறைஞ்சிருக்குது. போவல" என்றார். போய்விட்டது என்று சொல்லியிருந்தால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? என் கோபம் அங்கேயே அடங்கிவிட்டது.

பிறகு முன் டயர்களைப் பின்னால் போட்டு, பின் டயர்களை முன்னால் போட்டார். ஒரு மாற்றமும் இல்லை. "அப்போ டயர் இல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னார். இல்லை என்று தெரிந்துகொண்டதற்காகச் சந்தோஷப்பட்ட மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். மகன் பிடிவாதம் பிடித்து எனக்கும் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தான். அது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

"ஓட்ட வேணாம். ஸ்டியரிங்கை லேசா ரெண்டு பக்கமும் ஆட்டிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். நான் ஆட்டினேன். கொஞ்ச தூரம் ஸ்டியரிங் திரும்பியது, சக்கரம் அசையவே இல்லை. அடியிலிருந்து "ஆட்டு, ஆட்டு" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு இணைப்பாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இரு. எறங்கி வந்து இதைத் தொட்டுப் பாரு."

புடவையைச் செருகிக்கொண்டு நானும் அடியில் போனேன். அவர் மேலே ஏறி ஸ்டியரிங்கை ஆட்டினார். இரண்டு சக்கரத்தையும் சேர்க்கிற தண்டின் முனையில் என் விரல் இருந்தது. முதலில் டொக்கென்று ஒரு உதறல், அதற்குப் பிறகுதான் சக்கரம் அசைந்தது. மேலே இருந்த ரப்பர் உறையை உப்பு தின்றுவிட்டிருந்தது, உள்ளே கிரீஸ் இல்லை. கொஞ்சம் தள்ளி, ஸ்டியரிங் பாக்ஸைப் பிடித்திருந்த போல்ட்டும் தளர்ந்திருந்தது.

அப்போதும் இரண்டையும் சேர்த்துச் செய்யவில்லை. முனையை மாற்றி, திண்டிவனத்தில் அலைன்மென்ட் பார்த்து, ரோட்டில் ஓட்டினார். ஆட்டம் நின்றது, அலைச்சல் இருந்தது. பிறகு போல்ட்டை இறுக்கினார். அலைச்சலும் நின்றது.

நான் உடனே போனை எடுத்து மகனிடம், "வண்டிதான்டா, உங்கப்பா கையில ஒண்ணுமில்ல" என்று பெருமை அடித்தேன். அவர் போனை வாங்கி, "அம்மா அவசரப்படறா. இன்னும் ஒண்ணு மாத்திப் பாக்கல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"என்னது?" என்றேன்.

"ஓட்டறவனை."

ஏதோ கிண்டல் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் சோற்றுப் பானைகளை ஏற்றியதும் லைசென்ஸையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். உப்பளத்துக் கரை ஆரம்பிக்கும் இடத்தில் ஜீப்பை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். காற்றுகூட இல்லை. ஜீப்பில் எதுவும் அசையவில்லை. ஸ்டியரிங் மேல் இருந்த அவர் வலது கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றார். "அவன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. வண்டி ஆட்டத்துல என் கை ஆடறது தெரியாம இருந்திருக்குது."

வண்டி சரியானதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாமே இந்த மனுஷன். தனக்கே பாதகமாக வரும் என்று தெரிந்தும் கடைசி வரைக்கும் சோதித்துப் பார்த்திருக்கிறார். இவருக்கு வாக்கப்பட்டதற்கு அன்றைக்குப் பட்ட பெருமையை நான் என்றைக்கும் பட்டதில்லை.

"டாக்டர்கிட்ட போவலாம். இப்போ சோறு ஆறுது, நீ இந்தப் பக்கம் வா" என்று இறங்கி இடம் மாறினார்.

கிளட்ச்சை விட்டேன். ஜீப் ஒரு குதி குதித்துவிட்டுக் கரையில் ஏறியது. இரண்டு பக்கமும் பாத்தி, நடுவில் வண்டி அகலத்துக்கு வழி. கொஞ்ச தூரத்தில் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது.

"ஏங்க, மறுபடியும் நடுங்குது."

அவர் இடது கையை நீட்டி ஸ்டியரிங் கம்பத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வண்டி இல்ல, உன் கை" என்றார். "பழகப் பழக நின்னுடும்."

தன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.