கடவுளுக்கு மட்டும் தெரிந்த பிள்ளை

அந்தத் தீவுக்கு இரண்டு பெயர். இங்கிலாந்துக்காரர்களுக்கு ஃபாக்லாந்து, அர்ஜென்டினாக்காரர்களுக்கு மால்வினாஸ். ஆள் பார்க்காமல் மாற்றிச் சொல்லிவிட்டால் அடிதடி நடக்காதுதான், ஆனால் அன்றைக்கு முழுக்க வண்டிக்குள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 1982-இல் இரண்டு நாடுகளும் அதற்காகப் போரிட்ட குன்றுகளுக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் கதை சொல்லும் எல்சிரா பாரியா, யார் வந்தாலும் "தீவு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள். அவள் சிலி நாட்டுக்காரி. அந்தச் சண்டையில் அவளுக்குப் பங்கும் இல்லை, பகையும் இல்லை.

வந்தது என்னவோ ஓட்டல் சமையலறை வேலைக்கு. புருஷன் விட்டுவிட்டுப் போனபின், மூன்று வயது மகன் எர்வினைச் சிலியின் புந்தா அரேனாஸ் நகரில் அக்காவிடம் ஒப்படைத்து, "ரெண்டே வருஷம், சம்பாதிச்சிட்டு ஓடி வந்துடறேன்" என்று சொல்லி விமானம் ஏறினாள். ரெண்டு வருஷம் என்று கிளம்பியவர்களில் யார் ரெண்டே வருஷத்தில் திரும்பியிருக்கிறார்கள்? பையன் அக்காவை அம்மா என்று கூப்பிடத் தொடங்கினான், இவள் சித்தி ஆனாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் திருத்தவும் இல்லை. இப்போது அவன் வளர்ந்த ஆள். தொலைபேசியில் பிடித்தால், "நல்லா இருக்கீங்களா சித்தி? இருங்க, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்பான். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது.

கதை சொல்லும் வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த அர்ஜென்டினாக் குடும்பங்கள் ஒருநாள் ஓட்டலுக்கு வந்தன. வழிகாட்டிக்கு ஸ்பானிஷில் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது. ஸ்பானிஷே தாய்மொழியான எல்சிராவை மாவு பிசைந்த கையோடு இழுத்து வண்டியில் ஏற்றினார்கள். அதன்பின் அவள் சமையலறைக்குத் திரும்பவில்லை. முன்னாள் சிப்பாய்களிடம் கேட்டுக் கேட்டே ஒவ்வொரு குன்றின் கதையையும் இரண்டு பக்கமாகவும் கற்றுக்கொண்டாள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வாள்.

திரும்பி வரும் சிப்பாய்கள் தேடுவது ஒன்றே ஒன்றுதான்: தாங்கள் பதுங்கிக் கிடந்த குழி. நின்றபடி தேடினால் ஒருவருக்கும் அகப்படாது. "நின்னு பார்த்தா எப்படித் தெரியும்? அன்னிக்கு நின்னுக்கிட்டா இருந்தீங்க? படுங்க" என்பாள் எல்சிரா. தொப்பையும் நரையுமாக வந்த ஆள் ஈரப் புல்லில் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பார்ப்பார். எதிரே பாறையின் விளிம்பைக் கண்டதும் தோள் குலுங்க ஆரம்பிக்கும். அப்போது எல்சிரா வண்டிக்குப் போய்விடுவாள்.

குழிகள் கிடைத்தன. அர்ஜென்டினா வீரர்களைப் புதைத்த டார்வின் மயானத்தில்தான் பாதிப் பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை. வரிசை வரிசையாக வெள்ளைச் சிலுவைகள், அடியில் கறுப்புக் கல்லில் ஒரே வாசகம்: 'கடவுளுக்கு மட்டுமே தெரிந்த அர்ஜென்டினா வீரர்.' பிள்ளை எந்தச் சிலுவைக்குக் கீழே இருக்கிறான் என்று தெரியாத தாய்மார்கள் என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு சிலுவையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

கொரியென்தஸ் மாகாணத்துப் பெட்ரோனா அம்மாளும் அப்படித்தான். முதல்முறை வந்தபோது வரிசை வரிசையாக நடந்து, கடைசி வரிசை ஓரத்தில் நின்றுவிட்டாள். "இங்கதான். என் கால் நின்னுடுச்சு பாரு" என்று சொல்லி, நீல ஜெபமாலையை அந்தச் சிலுவையில் சுற்றி, "லிசாந்த்ரோ" என்று அழைத்தாள். போருக்கு வந்தபோது மகனுக்குப் பதினெட்டு வயது. கிளம்பும்போது பெட்ரோனா எல்சிராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மகளே, அவன் பொறந்த நாளைக்கு நீ வந்து பாத்துக்கணும். ஆனா அம்மா அனுப்பினாங்கன்னு சொல்லிடாதே, கோவிச்சுக்குவான். அம்மா வந்திருக்கேன்னே சொல்லு."

முதல் வருஷம் எல்சிரா சிலுவைக்கு முன் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சுற்றிலும் ஆடுகளும் காற்றும் தவிர யாருமில்லை என்று உறுதிசெய்துகொண்டுதான், "அம்மா வந்திருக்கேன்" என்றாள். எத்தனை காலமாயிற்று தன்னைப் பற்றி அப்படிச் சொல்லி! அடுத்தடுத்த வருஷங்களில் பிறந்த நாளுக்கு மட்டும் என்ற கணக்கு மறந்துபோனது. கூட்டம் இல்லாத நாளில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர் இலையும் வெந்நீர்க் குடுவையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவாள். எர்வினுக்குக் கல்யாணம் ஆன சேதி, அழைப்பு தனக்கும் வந்தது, விருந்தாளிகளுக்கான மேஜையில் தன்னை உட்காரவைத்தது, எல்லாவற்றையும் அந்தச் சிலுவையிடம்தான் சொன்னாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இவளுக்குக் கல்லே பிள்ளையாகக் கிடைத்தது.

பிறகு டி.என்.ஏ. சோதனை வந்தது. அதிகாரிகள் பெட்ரோனாவின் ரத்தத்தை வாங்கிப்போனார்கள். லிசாந்த்ரோ கிடைத்தான். ஆனால் அந்த ஓரத்துச் சிலுவையின் கீழே அல்ல, மயானத்தின் மறுகோடியில்.

சேதி கேட்ட நாளிலிருந்து எல்சிராவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்ரோனாவுக்காகச் சந்தோஷம்தான், பொய்யில்லை. ஆனால் அந்த ஓரத்துப் பிள்ளையிடம் இனி எந்த உரிமையில் போய் உட்காருவது? சொல்லி வைத்த வேலை முடிந்துபோயிற்றே!

அந்தக் கோடையில் பெட்ரோனா கடைசித் தடவையாக வந்தாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். சரளைச் சாலையில் வண்டி குலுங்கியபோது, "இத்தனை வருஷமா ஓட்டுறே, இன்னும் ஒரு பள்ளத்தையும் விடமாட்டேங்கிறே" என்றாள்.

"பள்ளத்துக்கு நடுவுலதாம்மா இங்க ரோடே இருக்கு."

"உனக்கு வாய் மட்டும் குறையல."

மயானத்தில், மகன் பெயர் வெட்டிய கல்லின் முன் பெட்ரோனா மண்டியிட்டாள். எழுத்து எழுத்தாக விரலால் தடவினாள். "இத்தனை நாளா அம்மா அங்க நின்னு உன்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். நீ இங்கேருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே? இங்க இருக்கேம்மான்னு ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதாடா?" என்று கேட்டு அழுதாள். எல்சிரா தள்ளி நின்று அழுதாள்.

அழுது முடிந்ததும் பெட்ரோனா எழுந்து, கைத்தடியை ஊன்றி, வண்டிப் பக்கம் திரும்பாமல் ஓரத்துச் சிலுவைக்கு நடந்தாள். நீல ஜெபமாலை வெயிலிலும் உப்புக் காற்றிலும் வெளுத்துத் தொங்கியது. அதைக் கழற்றி மகனிடம் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறாள் என்று எல்சிரா நினைத்தாள்.

"அம்மா, அதைக் கழட்டிடாதீங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பெட்ரோனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு கழட்டப்போறா? என் பிள்ளைக்குப் புதுசு கொண்டாந்திருக்கேன்." பிறகு சிலுவையிடம் குனிந்தாள். "தம்பி, நான் உன் அம்மா இல்லைப்பா. ஆள் மாறிப்போச்சு. இத்தனை வருஷம் வேற பேர் சொல்லிக் கூப்பிட்டேன், நீயும் பொறுத்துக்கிட்டே. உன்னைப் பெத்தவ வர்றவரைக்கும் இவ இருப்பா." நிமிர்ந்து எல்சிராவைக் கேட்டாள்: "இருப்பேல்ல?"

எல்சிரா தலையை மட்டும் ஆட்டினாள்.

"இனிமே என் பிள்ளை பேரைச் சொல்லி இவனைக் கூப்பிடாதே. இவனுக்குன்னு ஒரு பேர் வை."

"வேண்டாம்மா" என்றாள் எல்சிரா. "பேரு இவன் அம்மா வெச்சிருப்பாங்க. அது அவங்களோடது. நான் மகனேன்னு கூப்பிட்டுக்கிறேன்."

பெட்ரோனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளையின் பிறந்த நாள் எது என்று தெரியாததால், எல்சிரா தோன்றுகிற நாளெல்லாம் போகிறாள். இன்னொரு வீரருக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று வானொலியில் சொல்லும்போதெல்லாம் கைவேலையை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக் கேட்பாள். அது தன் ஓரத்துப் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும், எங்கோ காத்துக்கிடக்கும் அந்தத் தாய்க்குப் பிள்ளை சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்வாள். வேண்டி முடித்து, சிலுவைக் குறி போட்டபின், குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வாள்: "இன்னிக்கு வேண்டாம்."