பின்வாசலில் கிடந்த சப்பாத்துகள்

றொறன்ரோ நகர நடுவிலுள்ள எங்கள் பழைய பிரெஸ்பிற்றேரியன் தேவாலயத்துக்கு வரலாற்றுப் புத்தகம் எழுதுகிறார்கள் என்றதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அச்சுக்குப் போகுமுன் பிரதியை வாசித்தபோதுதான் விசர் பிடித்தது. ஸ்கொட்லாந்திலிருந்து வந்து கல் அடுக்கியவர்கள் அதில் இருந்தார்கள். சுற்றியிருந்த சபைகள் வேறொரு திருச்சபையோடு இணைந்தபோது இவர்கள் வாக்கெடுத்துத் தனித்து நின்ற கதை இருந்தது. ஓர்கன் குழாயில் புறா கூடு கட்டியதற்கும் அரைப் பக்கம். கோதாரி, இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஞாயிறு பின்னேரங்களில் அதே கட்டடத்தின் பேஸ்மென்றில் தமிழில் ஆராதனை நடத்தும் எங்களுக்கு ஒரு வரி இல்லை.

எழுதியவர் சபையை நடத்தும் மூப்பர் சங்கத்தின் செயலாளர், எண்பது தாண்டிய வெள்ளைக்காரர். நல்ல மனிதர், ஆனால் என்னைவிடப் பிடிவாதம். மூப்பர்கள் கூடும்போதெல்லாம் நடந்ததைக் குறிப்புப் புத்தகத்தில் பதிவது அவர்களின் பரம்பரை வழக்கம். எங்களை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, பதிவில் உள்ளதைத்தான் எழுதுவேன், ஆட்களின் ஞாபகத்தை எழுதமாட்டேன் என்றுவிட்டார். அப்படியென்றால் அந்தப் புத்தகங்களைத் தாருங்கள் என்றேன்.

கனடாவில் பிறந்த என் மகள் தடுத்துப் பார்த்தாள். "அம்மா, லெட் இட் கோ. உந்தப் புத்தகத்தை ஆர் வாசிக்கப் போகினம்?"

"நீ வாசிப்பாய்," என்றேன். "உனக்கு ஞானஸ்நானம் தந்தது அந்த பேஸ்மென்றிலதான்."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். சனிக்கிழமைகளில் நாங்கள் இருக்கும் அஜக்ஸிலிருந்து ரெயின் எடுத்துப் போய், போதகரின் அறையில் குந்தியிருந்து வாசித்தேன். கொதிகலன் பழுது, கூரை ஒழுக்கு, யன்னல் கண்ணாடி. எங்களைக் காணவில்லை. எங்களுக்கு இடம் தந்ததெல்லாம் வாய்ப்பேச்சில் நடந்திருக்கிறது. நான்காம் சனி அழுகையே வந்துவிட்டது, ஏன் மறைப்பான்? ஐந்தாம் சனி அகப்பட்டது. பின்வாசலில் கிடந்த சப்பாத்துகளில் தடுக்கி ஒரு மூப்பர் விழுந்தார், கீழே கூடுபவர்கள் அவற்றை அங்கே விடக்கூடாது என்று இரண்டே வரி.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கோயிலோ சேர்ச்சோ, காலில் உள்ளதைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பழகிய சனம் நாங்கள். பனிக்காலத்திலும் பூட்ஸைக் கதவடியில் குவித்துவிட்டு, இரண்டு சோடி காலுறையோடு நின்று பாடினோம். அந்தக் குவியலில் என்னுடையதும் கிடந்திருக்கும்.

செயலாளரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு முகம் சிவந்தார். விழுந்ததும் எழுதியதும் தான்தான் என்றார். இது வெறும் முறைப்பாடு, அச்சில் வந்தால் உங்களுக்குத்தான் அவமானம், விட்டுவிடுவோம் என்று கெஞ்சாத குறை. நான் ஒற்றைக்காலில் நின்றேன். முறைப்பாடென்றாலும் பரவாயில்லை, நாங்கள் இங்கே இருந்தோம் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு வரியையும் தன் பிரதியில் எழுதினார்.

புத்தகத்தில் அந்த இரண்டு வரியும் அப்படியே வந்தது. வெளியீட்டு ஞாயிறன்று மகளையும் கூட்டிக்கொண்டு முதல்முறையாக முன்வாசலால் போனேன். வெளியே பனி கொட்டியது. பூட்ஸைக் கழற்றி வாசல் நடுவிலேயே விட்டேன். பின்னால் வந்த செயலாளர் ஊன்றுகோலை ஊன்றி, அதைச் சுற்றி நடந்து உள்ளே போனார்.