சாயல் வரவில்லை

எங்கள் அப்பா மலேயாவுக்குக் கப்பலேறியபோது நான் பிறக்கவில்லை. சண்டைக் காலத்தில் அவரை ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள் என்று பொன்னமராவதிக்காரர் ஒருவர் திரும்பி வந்து சொன்னார். அதன்பின் ஒரு சேதியும் இல்லை. வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றும் கிடையாது.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது பெரியப்பா தன் மகளுக்குக் கல்யாணம் பேசினார். தம்பியின் காரியத்தை முடிக்காமல் வீட்டில் மேளம் கொட்டக் கூடாது என்பது அவர் கணக்கு. உடல் கிடைக்காதவருக்கு ஓர் உருவம் வைத்துச் செய்ய வேண்டும். காரியம் முடிந்தால் ஆத்தா, என்னைப் பெற்றவள், பொட்டையும் தாலியையும் எடுத்துவிட வேண்டும்.

ஆத்தா பெரியப்பாவின் முன்னால் வரமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வாள், அவர் காதில் விழும்படி.

“புல்லுல பொம்மை கட்டுறதெல்லாம் வேணாமுன்னு சொல்லு. படம் வைக்கட்டும். அவுக சாயல் வரட்டும், செய்யலாம்.”

நான் சிலேட்டில் தேர் வரைவது தெருவுக்கே தெரியும். பெரியப்பா புதுக்கோட்டையிலிருந்து வாட்டர் கலர் பெட்டி வாங்கி வந்தார். வில்லைகளில் தண்ணீர் தொட்டுக் குழைக்க வேண்டும். காகிதம் ஈரமாக இருந்தால் வர்ணம் தன் இஷ்டத்துக்கு ஓடும். வெள்ளை வேண்டிய இடத்தைத் தொடாமல் விட வேண்டும். எல்லாவற்றையும் கெடுத்துக் கெடுத்தே கற்றேன்.

ஆத்தா சொல்லச் சொல்ல வரைந்தேன். “தோள் இன்னும் அகலம்டா.” அகலமாக்கினேன். “கோவம் வந்தா மொகம் செவக்காது. கருநீலமாப் போகும்.” நீலம் பூசினேன். “சிரிச்சா கண்ணு உள்ள போயிரும்.” கண்ணுக்குப் பதில் இரண்டு பச்சை நிழல்கள் வைத்தேன். ஒவ்வொன்றையும் பார்த்து, “சாயல் வரலை” என்றாள்.

பெரியப்பா ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்தார். “ஏண்டா, ஒங்கப்பன் மனுசனா, முனியா? கையி முழங்காலுக்குக் கீழ தொங்குது.”

“ஆத்தாதான் நீளக் கைன்னாங்க.”

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு நாள் அப்பா கிளம்பிப் போனது எப்படி என்று ஆத்தாவிடம் கேட்டேன். “பாதித் திரும்புனாக. பாத்தாப் போக முடியாதுன்னு நெனச்சாகளோ என்னமோ. அப்பிடியே போயிட்டாக.” சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனாள்.

நான் பென்சிலைத் தொடவில்லை. காகிதத்தை நனைத்து, நீலத்தில் ஒரு முதுகை இழுத்தேன். கழுத்து முறுக்கி, முகத்தில் பாதி தெரியாமல் போயிற்று. மூட்டையைப் பிடித்த கை பெரிதாகிவிட்டது. கன்னத்தில் ஓரிடம் வெள்ளையாக நின்றது.

ஆத்தா குடத்தோடு உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்தவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

அப்போது தெருவில் பெரியப்பாவின் செருமல் கேட்டது. ஆத்தா உட்கார்ந்தாள். ஈரமாக இருந்த வலது உள்ளங்கையை அந்த முகத்தின் மேல் வைத்தாள். சற்று நேரம் வைத்தபடி இருந்தாள். பிறகு மேலிருந்து கீழாக இழுத்துவிட்டாள்.

“சாயல் வரலைன்னு சொல்லிரு” என்று சொல்லிக் கதவுக்குப் பின்னால் போனாள்.

பெரியப்பா அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் காரியம் இல்லாமலே கல்யாணம் நடந்தது. ஆத்தா பொட்டோடு நின்று ஆரத்தி எடுத்தாள். கடைசிவரை பொட்டோடுதான் இருந்தாள். என்னை அதன்பின் யாரும் வரையச் சொல்லவில்லை.

படம் கெட்ட அன்று பொழுது சாய்ந்ததும் எனக்குச் சோறு போட்டாள். அவள் உட்காரவில்லை. சோற்றுக் கை முழுக்க நீலம் காய்ந்திருந்தது.

“கையக் கழுவிட்டு வா ஆத்தா, சாப்புடலாம்.”

“நீ சாப்புடு.”

கையை மடியில் மூடி வைத்துக்கொண்டாள். சரியாக வரையாததற்கு என்மேல் கோபம் என்று நினைத்து, நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன்.