மலையாளத்தில் வந்த கடைசிக் கடிதம்

என் தம்பி பட்டாளத்தில் இறந்து பதினோரு நாள் கழித்து அந்தக் கடிதம் வந்தது. உடல் முன்பே வந்து, எரித்தும் முடித்திருந்தோம். பெட்டியோடு வந்த அதிகாரி, அவன் தங்கியிருந்த அறையில் தூக்குப் போட்டுக்கொண்டான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கடிதத்தின் நகல் பதிவுத் தபாலில், விசாரணை அறிக்கையோடு வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. மலையாள நாட்டில், ஆரியசாலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் எடை போடுகிறவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷம் மலையாளம் பேசியும், அதில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது; தமிழ்தான் வாசிப்பார். பஸ் போர்டைக்கூட யாரிடமாவது கேட்டுத்தான் ஏறுவார். அம்மா நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துபோனாள். தம்பிக்கு ஒரே அக்காவான நான் ஒரு ஜவுளிக்கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கடிதத்தை நான்தான் வாசித்தேன். மலையாளத்தில் நாலு வரி. பிரியப்பட்ட அச்சனுக்கு, அதாவது அப்பாவுக்கு, என்று ஆரம்பித்து, எனக்கு வாழப் பிடிக்கவில்லை, இதில் யாருக்கும் பங்கில்லை, மன்னிக்கவும் என்று முடிந்தது.

"யாருக்கு எழுதியிருக்கு?" என்றார் அப்பா.

"உங்களுக்குத்தான்."

"மலையாளத்திலயா?"

தம்பியும் நானும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஆனால் பட்டாளத்துக்குப் போனபின், தான் எழுதுவதை அப்பா தானே வாசிக்க வேண்டும் என்று, வீட்டிலிருந்து பொட்டலம் கட்டி வரும் தமிழ்ப் பத்திரிகைத் தாள்களைப் பார்த்து எழுதிப் பழகினான். 'நான் சுகமாய் இறுக்கிறேன்' என்று பிழையோடுதான் எழுதுவான். அப்பா அதை மண்டியில் எல்லாரிடமும் காட்டிச் சிரிப்பார். மூன்று வருஷமாக வந்தது அத்தனையும் தமிழ்தான். கடைசியாக வந்ததில், ஸ்டோரிலிருந்து டீசல் திருட்டுத்தனமாக வெளியே போவதைப் பார்த்து மேலே புகார் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தான். லீவு கிடைத்துவிட்டது, வந்து விவரமாகச் சொல்கிறேன் என்றும் இருந்தது.

"சாகப் போறவன் எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துலயா எழுதுவான், மக்களே?" என்று கேட்டார் அப்பா. பிறகு, "எம்பிள்ள என்னைய ஒருநாளும் அச்சன்னு விளிச்சதில்ல, கேட்டியா" என்றார்.

இதைத்தான் ஆறு வருஷம் ஒவ்வொரு மேஜையின் முன்னாலும் நின்று சொன்னோம். ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா என்னைப் பார்த்து, "உங்க தம்பி மலையாளம் மீடியம் படிச்ச ஆளல்லே? மலையாளத்துல எழுதினதுல என்ன அதிசயம்?" என்று கேட்டார். வெளியே வந்து, ஏன் பேசாமல் நின்றேன் என்று நடுரோட்டில் அழுதேன்.

வஞ்சியூரில் ஒரு பெண் வக்கீல்தான் முதலில் நாங்கள் சொன்னதை நம்பினார். தம்பியின் பள்ளிக்கூட மலையாள நோட்டுகளைக் கேட்டார்; கையெழுத்தை ஒத்துப்பார்க்க வேண்டுமாம். வழக்கு எர்ணாகுளம் ஹைகோர்ட்டுக்குப் போனது. விசாரணை நாளில் அப்பா மண்டியில் லீவு சொல்லி, வெள்ளைச் சட்டை போட்டு என்னோடு ரயிலேறுவார். பல நாள் எங்கள் முறையே வராது. ஒருநாள் எதிர்த்தரப்பான பட்டாளத்தின் வக்கீல், பையனுக்கு ஏதோ காதல் தோல்வி என்றார். அப்பாவுக்கு அங்கே பேசிய இங்கிலீஷ் புரியவில்லை. வராந்தாவில் வந்து, "என்ன சொன்னான்?" என்று கேட்டார். வேறு தேதி போட்டிருக்கிறார்கள் என்று பொய் சொன்னேன்.

முடிவில் கோர்ட் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அந்த அறிக்கை, கடிதம் அவன் எழுதியதென்று உறுதியாகச் சொல்ல முடியாது, இறப்பின் காரணம் தெளிவாகவில்லை என்றது. தற்கொலை என்ற சொல் போனது. அதற்குப் பதிலாக எந்தச் சொல்லும் வரவில்லை. பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி வந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு ஆள் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் வந்து நின்றார். தம்பியின் யூனிட்டில் வேலை பார்ப்பவர், நெய்யாற்றின்கரைக்காரர், லீவில் வந்திருக்கிறார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"அச்சா," என்றார் அப்பாவைப் பார்த்து. அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "அந்தக் கடிதம்... அது நானாக்கும் எழுதினது."

அப்பா அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னை விளிச்சப்போ அவன் மரிச்சாச்சு. நீயும் அவன் நாட்டுக்காரன்தானே, வீட்டாருக்கு ஒரு சமாதானத்துக்கு நாலு வரி எழுதுன்னு சொன்னாங்க. எழுதினேன். எப்படி மரிச்சான்னு எனக்குச் சத்தியமா அறியாது."

நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைவில்லை. அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு அவரிடம் கேட்டார். "இத எழுதித் தருவியாடே?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பேனா கேட்டார்.

அந்தக் காகிதத்தால் மூன்றாவது விசாரணை வந்தது. இனி எல்லாம் வெளியே வரும் என்று நம்பி, நான் கடையில் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். எழுதச் சொன்னதாக அவர் பெயர் குறிப்பிட்டிருந்த இரண்டு அதிகாரிகளும், அப்படிச் சொல்லவே இல்லை என்றார்கள். வேறு சாட்சி இல்லை. பொய்க் கடிதம் தயாரித்த குற்றத்துக்கு அவரை மட்டும் வேலையிலிருந்து நீக்கினார்கள். என் தம்பியின் சாவுக்காக யாராவது தண்டனை வாங்கினார்கள் என்றால், அது அந்த ஒரு ஆள்தான்.

அப்பாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் இல்லை. அவருடைய மனைவி கதவைப் பாதி திறந்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை.

"உள்ளத சொன்னதுக்கு இதுதான் கிட்டினது," என்றாள். "இனியும் உங்களுக்கு என்ன வேணும்?"

அப்பா கைகளைக் கூப்பினார். அப்படியே திரும்பி நடந்தார்.

மறுநாள் காலையில் மண்டிக்குப் போகாமல் நேரே வக்கீல் வீட்டுக்குப் போனார். அந்த ஆளுக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, இறந்தவனின் தகப்பன் என்ற முறையில் தன் பெயரில் மனு எழுதச் சொன்னார். வக்கீலே, நிச்சயம்தானா என்று இரண்டு தரம் கேட்டார். எனக்குச் சம்மதமில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவோடு சண்டை போட்டேன்.

"அவன் ஒருத்தன்தாம்ளா நம்ம வாசல்ல வந்து நின்னவன்," என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். தம்பி எப்படி இறந்தான் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.