குன்னத்தில் மாப்பிள்ளை, அரியலூரில் டிரிஃப்டிங்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரியலூருக்கு வெளியே ஒரு தனியார் மைதானத்தில் டிரிஃப்டிங் போட்டி. காரை வளைவில் வேண்டுமென்றே சறுக்கவிட்டு, சறுக்கிக்கொண்டே ஓட்டிக் காட்டுகிற விளையாட்டு. எங்கள் திருச்சி கார் கிளப்பிலிருந்து முதன்முதலாக ஒருவர் கலந்துகொண்டார்: ஏலாக்குறிச்சி ஜெயராணி டீச்சர். பள்ளியில் இயற்பியல் எடுப்பவர். ஏழு கார்களைச் சேர்த்து அவரை ஊர்வலமாக அழைத்துப் போகும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சந்திக்கும் இடம் குன்னத்தில் ஒரு காலி மைதானம், காலை 7.30. பெரம்பலூர் வழியாக வரும் எங்களுக்கு அது வசதி. டீச்சரோ போட்டி நடக்கும் ஊரையே தாண்டி வடக்கே வர வேண்டும். அவர் சொல்லும்வரை நான் மேப்பைப் பார்க்கவில்லை. "பரவால்ல சார், வண்டி சூடாகும்" என்றார்.

திருச்சியில் 5.45க்குக் கிளம்பினேன். பெரம்பலூர் 58 கி.மீ., டீ பதினைந்து ரூபாய், அங்கிருந்து குன்னம் 17. போய்ப் பார்த்தால், குரூப்பில் நான் அனுப்பிய லொகேஷன் ஒரு கல்யாண மண்டப வாசல். மைதானம் இரண்டு தெரு தள்ளி. டீச்சரின் ஆரஞ்சு கார் வாழைமரத்தடியில் நின்றது. கதவில் 14 என்று பெரிய எண், உள்ளே முன்சீட் இரண்டு மட்டும்.

பெண்ணின் சித்தப்பா ஓடி வந்தார். "மாப்பிள்ளை வூட்டு வண்டிங்களா? மாப்பிள்ளை எங்க?"

"நாங்க கார் கிளப்புங்க."

"எந்த கிளப்பா இருந்தா என்னங்க, மாப்பிள்ளைய இறக்குங்க!"

அதற்குள் அவருக்குப் போன். மாப்பிள்ளை வந்த வேன் பெரம்பலூர் ரோட்டில் எட்டு கி.மீ. தள்ளி நின்றுவிட்டதாம். முகூர்த்தம் ஒன்பதோடு முடிகிறது. பத்துக்குள் டீச்சர் அரியலூரில் பெயர் பதிய வேண்டும். எங்கள் மற்ற ஐந்து கார்களும் இன்னும் பெரம்பலூரையே தாண்டவில்லை. என் காருக்குப் பின்னால் சமையல்காரர் வேனை நிறுத்தி அண்டா இறக்கிக்கொண்டிருந்தார்.

டீச்சர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போயிட்டு வரேன்."

இருபத்தைந்து நிமிடத்தில் சத்தம் கேட்டது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பட்டு வேட்டிக்கு மேல் பந்தயக் காரின் நான்கு பட்டை சீட் பெல்ட், அதற்கு மேல் மாலை, கைப்பிடியை விடாத மாப்பிள்ளை. "டீச்சர் மெதுவாத்தாங்க ஓட்டுனாங்க" என்றார் மாமனாரிடம். "சத்தந்தான் ஒரு மாதிரி." பின்னாலேயே வந்த எங்கள் ஐந்து கார்களும், நின்றுபோன வேனிலிருந்து ஏற்றி வந்த மாப்பிள்ளையின் சொந்தக்காரர்களை இறக்கிவிட்டன. 8.40க்குத் தாலி ஏறியது.

சித்தப்பா சாப்பிடாமல் விடவில்லை. டீச்சர் நின்றபடியே இரண்டு இட்லி சாப்பிட்டார். 9.10க்குக் கிளம்பி 9.48க்கு மைதானம். காரைச் சோதித்த அதிகாரி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தாம்பூலப் பையை எடுத்தார்.

"தேங்காயோட ஓட்ட முடியாதுங்க மேடம். உள்ள உருளுற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது."

தேங்காயை நான் வாங்கிக்கொண்டேன். 9.58க்கு டீச்சர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். முதல் வளைவில் கார் சறுக்கியபோது ஜன்னல் வழியாக ரோஜா இதழ்கள் பறந்தன. கூட்டம் அதையும் போட்டியில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டியது.

பன்னிரண்டு பேரில் டீச்சர் எட்டாவது. இரண்டாவது சுற்றில் சறுக்கல் கைமீறி, ஒரு முழு வட்டம் சுற்றி நின்றுவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: நுழைவு ஆளுக்கு நூறு ரூபாய். நிழல் கிடையாது, தொப்பியும், தூசிக்குக் கண்ணாடியும் அவசியம். சந்திக்கும் இடத்தை நேரில் பார்த்த பிறகே லொகேஷன் அனுப்புங்கள். முகூர்த்த நாளா என்று காலண்டரையும் பாருங்கள்.

கிளம்பும்போது டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். "ஒரு வாரமா கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு சார். காலைல என்னைவிட நடுங்குன ஒருத்தர் பக்கத்துல உக்காந்தாரு. 'ஒண்ணும் ஆகாது தம்பி'ன்னு எட்டு கிலோமீட்டரும் சொல்லிக்கிட்டே வந்தேன். மண்டபம் வர்றதுக்குள்ள எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு."