ஒழுகாத மழை

1. இரைச்சல்

"இது மழையில்லீங்க" என்று ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். மூன்று வாரம் உட்கார்ந்து சாலிடர் வைத்த மழை அது.

மில்களில் பேனல் போர்டு சர்வீஸ் செய்துகொண்டிருந்தவன் நான். இப்போது தவளை, சில்வண்டு, காற்று போல ஒலிக்கும் சர்க்யூட் கட்டுகிறேன். பதிவுசெய்த ஒலி கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கெபாசிட்டர் மட்டும். கண்காட்சியில் வைத்தால் நின்று கேட்பார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள்.

செல்வி போகவில்லை. சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. "ஏனுங்கண்ணா, தகரத்து மேல பேயற மழை செய்ய முடியுங்களா? எங்கப்பாவுக்கு."

அப்பா மாரிமுத்து, வால்பாறையில் தேயிலைக்குக் கவாத்து வெட்டியவர். பக்கவாதத்துக்குப் பின் மகளுடைய எட்டாவது மாடி வீட்டில் இருந்தார். எஸ்டேட் லைன் வீட்டுத் தகரக் கூரையின் கீழ் ஆயுளெல்லாம் உறங்கியவருக்குக் கான்கிரீட்டின் கீழ் கண் மூடவில்லை. எழுந்து மலைக்குக் கிளம்பிவிடுவார். ஒருமுறை விழுந்து நெற்றியில் தையல். இன்னொரு முறை விழுந்தால் எழ முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"போன்ல மழை போட்டுப் பாத்தனுங்க. ரெண்டாம் நாளே, 'இந்த இடி நேத்தும் இப்படித்தான இருமுச்சு'ன்னுட்டாரு."

அந்த வாக்கியத்துக்காகவே ஒப்புக்கொண்டேன்.

டிரான்சிஸ்டரைத் தலைகீழாக இணைத்து வோல்டேஜை ஏற்றினால் உள்ளே 'உஸ்' என்று கொதிக்கும். அந்தக் கொதிப்பு சொன்னதையே திரும்பச் சொல்லாது. காந்திபுரம் கடையில் ஒவ்வொன்றாகச் சோதித்து, அதிகம் இரைவதைப் பொறுக்கினேன். "இரையுதுன்னு எல்லாரும் திருப்பிக் குடுக்க வாராங்க. நீங்க அதையத்தான் தேடறீங்க. நல்லா இருங்க சாமி" என்றார் கடைக்காரர்.

2. பங்களா மழை

கட்டிலுக்கு மேலே தகரத் தகட்டை மாட்டி, இரைச்சலை வடிகட்டி அதில் ஏற்றினேன். முதலில் சாரல், பிறகு கனமழை. எனக்கே உடம்பு சிலிர்த்தது. அப்போதுதான் மாரிமுத்து, "இது மழையில்லீங்க" என்றார்.

"என்னங்கய்யா குறை?"

"ஒழுகவே இல்லியே. மேனேஜர் பங்களா மழையக் கொண்டாந்து எங்கூட்டுல உட்டா எப்படிங்க தூக்கம் வரும்?"

செல்வி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "மூணு எடத்துல ஒழுகுமுங்க. வாளி, குண்டா, அலுமினியப் போசி வெப்போம். மறந்தே போயிட்டேன்."

3. மூன்று சொட்டுகள்

கெபாசிட்டர் மெல்ல நிரம்பும். ஒரு மட்டத்தைத் தொட்டதும் சட்டென்று கொட்டும். சொட்டுக்கு அது போதும். ஆனால் புதியவை கடிகாரம்போலச் சொட்டின. மில்லில் கழற்றிப்போட்ட பழையவற்றைத் தேடியெடுத்தேன். சூடேறினால் நேரம் தவறும் சரக்கு. அந்தக் காலத்தில் இப்படி ஒன்றை போர்டில் விட்டிருந்தால் சூப்பர்வைசர் தோலை உரித்திருப்பார்.

மறுவாரம் ஒரு மதியம், கட்டிலைச் சுற்றி வாளி, குண்டா, போசி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு சர்க்யூட்டை இணைத்தேன். மழை பிடித்தது. வாளியில் ஒரு சொட்டு. குண்டாவில் ஒன்று. பெரியவர் கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார். போசியில் மூன்றாவது, தாமதமாக.

நல்ல கையை ஊன்றி அவர் நகர்ந்தார். கிளம்புகிறார் என்று பதறி செல்வி ஓடிவந்தாள். அவர் சுவரை ஒட்டிப் படுத்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"அம்மணி, அங்க ஒழுகுது. இந்தப் பக்கம் வந்து படு."

ஆபீஸ் மீட்டிங்குக்கான ஹெட்போன் கழுத்தில் கிடக்க, அவள் ஒண்டிப் படுத்தாள். அவர் தன் உள்ளங்கையை அவள் உச்சந்தலைமேல் கவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மூச்சு நிதானமாயிற்று. அவள்தான் தூங்கவில்லை.

மூன்றாவது சொட்டை இன்னும் கொஞ்சம் திருத்தலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்திருந்தேன். பைக்குள் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மழை எப்படிப் பெய்யும் என்று நான் மூன்று வாரம் யோசித்தேன். அதற்கடியில் யார், எந்தப் பக்கம் படுத்திருந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.